கோலமாவில் கட்டிய இரண்டு படுக்கையறை வீடு

அன்றைக்கு மனையில் இருந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். பிற்பாடு ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிந்ததால், யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சரியாக எழுதிவிடுகிறேன். வீடு கட்டி விற்கிற எங்கள் முதலாளி தணிகாசலம். கொத்தனார் மேஸ்திரி ஏழுமலை. முன்பணம் கட்டியிருந்த மூன்று குடும்பங்கள்: ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் தாமோதரன், இவர் தனியாக வந்திருந்தார், பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற முரளி, அவருடைய அம்மா சரோஜா, மனைவி கவிதா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற அருள், அவர் மனைவி ஜெனிஃபர். லோடு வண்டி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சங்கர். கடைசியாக நான், செல்வி, தணிகாசலம் ஆபீசில் எல்லா வேலைக்கும் ஒரே ஆள். இவர்கள் தவிர ஒரு இரும்பு பீரோ. அதை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் எல்லாரையும் விட அதிக மரியாதை கிடைத்தது அதற்குத்தான்.

என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. பயம் மட்டும் நிற்காமல் மேலே மேலே படித்துக்கொண்டே போனது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு, கேஸ் மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். பார்த்துவிட்டுக் கிளம்பினால், பார்க்க வந்தபோது கதவைப் பூட்டினேனா என்று சந்தேகம் வரும். கல்யாணப் பத்திரிகை வந்தால் மண்டபத்துக்குப் பின்வாசல் இருக்கிறதா என்று விசாரிப்பேன். (இருக்க வேண்டும். தீப்பிடித்தால் முன்வாசலை நம்ப முடியாது.)

இப்படிப்பட்டவளிடம் வீடு வாங்க வருகிறவர்களுக்கு விவரம் சொல்லும் வேலையை யாராவது கொடுப்பார்களா? தணிகாசலம் கொடுத்தார். அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அது புரியும்.

வாலாஜாபாத்தில் எட்டு வீடு கட்டி முடித்துச் சாவி கொடுத்த நாளன்று, அவரை எட்டுக் குடும்பமும் சுற்றி நின்று கேட்டார்கள். தொள்ளாயிரத்து ஐம்பது சதுர அடி என்றீர்கள், உள்ளே எழுநூறுக்கு மேல் காணோமே, மீதி எங்கே? சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்பு இருக்கிறதே, வீடு விழுமா? ஒருவர் விளம்பர நோட்டீசையே கையில் கொண்டுவந்திருந்தார். "இதுல வாசல்ல ஒரு மரம் இருக்குது. அது எங்க?" என்றார். அந்த மரம் நோட்டீஸ் அடித்தவன் கம்ப்யூட்டரில் இருந்த மரம். அதைச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. வைக்கிறேன் என்றார். வைத்தார். ஆடு தின்றது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு வாரம் தூங்காத களை.

"செல்வி, அடுத்த சைட்டுல இந்த வம்பே இருக்கக்கூடாது. வாங்கறவங்களுக்கு எது வரும், எது வராது, எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிப் புரியவெச்சுடு."

"நானா சார்? எனக்கு இன்னா தெரியும்?"

"உனக்குத்தான் எல்லாத்துக்கும் பயம் வருதே. அதுல கொஞ்சம் எடுத்து அவங்களுக்குக் குடு."

என் வாழ்க்கையில் என் பயத்துக்குச் சம்பளம் தருகிறேன் என்று சொன்ன ஒரே மனிதர். அந்த நன்றியில் ஒரு நீள நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தேன். நாற்பது விஷயம் தேறியது.

ஒன்று: பூச்சில் நூல் போல வெடிப்பு வரும், சுவர் விழாது. ஒன்பது: சொல்கிற சதுர அடி வேறு, உள்ளே பெருக்கித் துடைக்கிற சதுர அடி வேறு, மீதி சுவரிலும் படிக்கட்டிலும் லிஃப்டிலும் இருக்கிறது, அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். பதினான்கு: சித்திரையில் சாவி என்று சொன்னால் எந்த வருஷத்துச் சித்திரை என்று கேட்டுக்கொள்ளவும். இருபத்திரண்டு: போர் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது. முப்பது: லிஃப்ட் நிற்கும், உள்ளே இருப்பவர் கத்தினால் வெளியே கேட்கும், பயப்பட வேண்டாம்.

முதலாளி பதினான்கு வரைக்கும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதைப் படிச்சா நானே வாங்க மாட்டேனேம்மா" என்றார். "சுருக்கமா, கண்ணால பாக்கற மாதிரி எதுனா பண்ணு."

புது சைட்டு முசரவாக்கம் போகிற ரோட்டில். பன்னிரண்டு வீடு. முதல் கட்டமாக மூன்று குடும்பம் ஆளுக்கு ஐம்பதாயிரம் முன்பணம் கட்டியிருந்தார்கள். அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, விலையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால்தான் கம்பி வரும். கம்பி வந்தால்தான் வேலை ஆரம்பிக்கும். அதுவும் ஆவணி மாதத்துக் கடைசி முகூர்த்த நாளுக்குள் நடக்க வேண்டும். விட்டால் புரட்டாசி. புரட்டாசியில் எங்கள் பக்கம் யாரும் வீட்டுப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அப்புறம் மழை வந்துவிடும். "இந்த மூணு கையெழுத்து விழலைன்னா ஆபீசைப் பூட்டிட்டு நான் பழையபடி ஹார்டுவேர் கடையில உக்காந்துடுவேன். நீயும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்" என்று முதலாளி சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்று ராத்திரி மூன்று முறை எழுந்து தண்ணீர் குடித்தேன்.

கண்ணால் பார்ப்பது என்றால் என்ன செய்வது? பிளான் காகிதத்தைக் காட்டிப் பிரயோஜனமில்லை. பிளானைக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், புரியாததால்தான் ஆட்டுகிறார்கள். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் வளர்ந்தது பிள்ளையார்பாளையத்தில். தறிக்காரர்கள் நெசவுக்கான பாவு நூலை விடியற்காலையில் தெருவில் முழு நீளத்துக்கு நீட்டிக் கட்டுவார்கள். எந்த இழை அறுந்திருக்கிறது, எங்கே சிக்கு என்று நடந்து நடந்து பார்த்துச் சரிசெய்த பிறகுதான் தறிக்குப் போகும். பட்டுநூலுக்கே அந்த மரியாதை என்றால், வீட்டையும் ஒரு தடவை தரையில் முழு அளவுக்கு நீட்டிக் காட்டலாமே?

அந்தக் கடைசி முகூர்த்த நாளன்று மூன்று குடும்பத்தையும் மனைக்கு வரச் சொல்லிவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் நானும் சங்கரும் டேப்பு பிடித்தோம். ஆபீசில் இருந்த சுண்ணாம்புத்தூள் மூட்டை ஈரம் ஏறிக் கல்லாகியிருந்ததால், எட்டுப் பை கோலமாவு வாங்கினேன். ஹால், சமையல்கட்டு, இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை, பால்கனி. வாசல் வருகிற இடமெல்லாம் கோடு போடாமல் விட்டுவிட்டேன். அத்தோடு நின்றேனா? கட்டில், ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் சரியான அளவில் கட்டம் போட்டேன். ஒரு அங்குலம் ஏமாற்றவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

"இவ்ளோதானா வீடு?" என்றார் சங்கர்.

"இருட்டிப்போச்சு, அதான் அப்படித் தெரியுது" என்றேன்.

காலையில் வெளிச்சம் வந்தது. வீடு இன்னும் சின்னதாகியிருந்தது.

மேஸ்திரி ஏழுமலை சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"யாரு போட்டது இது?"

"நான்தான் மேஸ்திரி. அளவெல்லாம் கரெக்டா இருக்குதுல்ல?"

"அளவு கரெக்டுதான்மா. அதான் தப்பு." பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். "கோடு போட்டதை வீட்டுக்காரன் கண்ணுல காட்டவே கூடாது. மொட்ட வெளியில எந்த வீடும் கோழிக்கூண்டாட்டம்தான் தெரியும். செவுரு எழும்பினா பெருசாவும். அதுக்குத்தான் நாங்க மனைக்கோடு போட்ட அன்னிக்கு, பூசை முடிஞ்சதும் பொங்கலைக் கையில குடுத்து வீட்டுக்காரங்கள அனுப்பிடுவோம். செவுரு தலை ஒசரம் வர வரைக்கும் கிட்டவே சேக்க மாட்டோம். முப்பது வருஷமா இப்படித்தான் பொழப்பு ஓடுது."

"அழிச்சிடலாமா?"

"எப்படி அழிப்ப? அதோ வந்துட்டாங்க."

முதலில் வந்தவர் கண்டக்டர் தாமோதரன். பத்தரைக்கு வரச் சொன்னால் பத்தேகாலுக்கு வருகிறவர். கோட்டைப் பார்த்ததும், "ஓகோ, இதுவா" என்று சொல்லி, நேராகச் சமையல்கட்டுச் சுவர் வழியாக உள்ளே நுழைந்தார்.

"சார், செவுரு" என்றேன்.

"ஆ, சாரி" என்று பின்வாங்கி, ஃபிரிட்ஜ் மேல் ஏறி நின்றார்.

அடுத்து அருளும் ஜெனிஃபரும் பைக்கில் வந்தார்கள். இரண்டு பேரும் ஷிப்டு மாற்றிக்கொண்டு, அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள். அருள் என்னை 'மேடம்' என்பார்; அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் யார் வந்தது என்று திரும்பிப் பார்ப்பேன். ஜெனிஃபர் முதல் நாளிலிருந்தே அக்கா. கட்டியிருந்த ஐம்பதாயிரமும் அந்தப் பெண் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து கட்டிய சீட்டை எடுத்த காசு. அதை அவளே என்னிடம் சொன்னாள். சொன்னதிலிருந்து அந்தக் காசுக்கும் சேர்த்து நான் பயப்பட ஆரம்பித்திருந்தேன்.

பத்தே முக்காலுக்கு என் வீட்டுக்காரருடைய லோடு வண்டி வந்தது. ஒரு பீரோ கயிறு கட்டி நின்றபடி வந்தது. அதன் பக்கத்தில் சரோஜா அம்மா, அதைப் பிடித்துக்கொண்டு. முரளியும் கவிதாவும் முன்சீட்டில்.

தப்பு என்னுடையதுதான். 'உங்கள் வீட்டில் இருக்கிற பெரிய சாமானின் அளவை எடுத்துக்கொண்டு வாருங்கள், கட்டத்துக்குள் வைத்துப் பார்க்கலாம்' என்று மூன்று குடும்பத்துக்கும் போன் செய்து சொல்லியிருந்தேன்.

"இன்னாம்மா, அளவுதான எடுத்தாரச் சொன்னேன்?"

"டேப்பு இழுத்தா இழுத்த எடத்துக்கு வரும். பீரோ வராது" என்றார் சரோஜா அம்மா. "உன் வூட்டுக்காரருதான் சொன்னாரு, அளவு எதுக்கும்மா, வண்டி சும்மாதான நிக்குது, ஏத்திக்கலாம்னு."

நான் சங்கரைப் பார்த்தேன். அவர் கயிறு அவிழ்ப்பதில் மும்முரமாகிவிட்டார்.

பீரோவை இறக்க நாலு ஆண்கள் வேண்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அருள் கேட்டார். "புடவைதான்" என்றார் முரளி, மூச்சு வாங்கிக்கொண்டு. "சாவி அம்மா இடுப்புல. காலி பண்ண ஒத்துக்கல."

அப்புறம்தான் கூத்து. சரோஜா அம்மா வாசல் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனார். அவர் கழற்றியதைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். முதலாளியும் அந்த நேரம் பார்த்து வந்து, விஷயம் புரியாமல் ஷூவைக் கழற்றினார். சுற்றிலும் ஏக்கர் கணக்கில் காலி இடம் கிடக்க, ஒன்பது பேர் கோலமாவுக் கோட்டுக்குள், நெருஞ்சி முள்ளில், வெறுங்காலோடு ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள். (மேஸ்திரி வெளியிலேயே நின்றுகொண்டார். அனுபவஸ்தர்.)

"ஹால் எது?" என்றார் அருள்.

"நீங்க நிக்கறதுதான் ஹால்."

"அப்ப பால்கனி?"

"உங்க குதிகால் இருக்குதே, அது."

கண்டக்டர் குளியலறைக் கட்டத்துக்குள் போய் நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே நின்றவர். "இதுல நான் குளிச்சிடுவேன். தலை துவட்டணும்னா வெளிய வரணும்" என்றார்.

ஹாலின் ஓரத்தில் வேறொரு விவகாரம் ஆரம்பித்திருந்தது. சரோஜா அம்மா குளியலறை சேர்ந்த படுக்கையறைக்குள் பீரோவை வைக்கச் சொல்லி, வைத்தும் ஆகிவிட்டது.

"அத்தை, அது எங்க ரூமு" என்றார் கவிதா. குரலில் சத்தமே இல்லை.

"யாரு சொன்னது?"

"பேசினதுதான் அத்தை. நாங்க ரெண்டு பேரு, வரப்போற குழந்தை…"

"எனக்கு ராவுல நாலு வாட்டி எழுந்திரிக்கணும். பாத்ரூமுக்கு உங்க ரூம் வழியா வரட்டா?"

"அந்தப் பக்கம் பொது பாத்ரூம் இருக்குது அத்தை. எட்டடிதான்."

"எட்டடியா? வா, நடந்து காட்டறேன்." நடந்தார். மெதுவாக, வேண்டுமென்றே, கோட்டின் மேல் ஒவ்வொரு அடியாக. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினோரு அடி ஆனது. கவிதா முரளியைப் பார்த்தார். சரோஜா அம்மாவும் முரளியைப் பார்த்தார். முரளி இரண்டு அறைக்கும் நடுவே, சரியாகச் சுவர் வரப்போகிற கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு முழுக்க அவர் அந்தக் கோட்டை விட்டு எந்தப் பக்கமும் இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து (கோட்டின் மேலேயே நடந்து வந்து) காதோடு சொன்னார்: "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கடையில நாங்க புடவைய முழுசா பிரிக்க மாட்டோம். முந்தானையக் காட்டுவோம், புடவையோட உடம்புல ஒரு மடிப்பக் காட்டுவோம், அதோட சரி. முழுசாப் பிரிச்சா வாங்க வந்தவங்க குறை தேட ஆரம்பிச்சிடுவாங்க. நீங்க எங்க அம்மாவையும் என் பொண்டாட்டியையும் சேத்துப் பிரிச்சுட்டீங்க."

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டுக்கு ராகு காலம். முதலாளி வேப்பமரத்தடியில் கம்பிக் கடைக்காரரோடு போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒப்பந்தத் தாள்கள் அங்கே போட்டிருந்த மேஜையில், மேலே கல் வைத்தபடி காத்திருந்தன. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"செவுரு வந்தா பெருசா தெரியும். மேஸ்திரியே சொன்னாரு" என்றேன்.

"மேடம்," என்றார் அருள் பொறுமையாக, "செவுரு வந்தா எடம் குறையுமா, கூடுமா?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயந்தவள் கைக்கு என்ன கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வாள். என் கைக்கு அந்த நீள நோட்டு கிடைத்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டால் நம்பிக்கை வரும் என்று நினைத்தேன். வாசிக்க ஆரம்பித்தேன். வெடிப்பு. ஒழுகல். டைல்ஸ் ஒரு பெட்டிக்கு ஒரு பெட்டி கலர் மாறுவது. மணல் கிடைக்காமல் வேலை நிற்பது. கரண்ட் கனெக்‌ஷனுக்கு அலைவது. பத்திரச் செலவு தனி. மாடி வீட்டுக்காரர் துணி பிழிந்தால் கீழ்வீட்டுப் பால்கனியில் சொட்டுவது. என் குரல் எனக்கே இரங்கல் கூட்டத்தில் பேசுவது போலக் கேட்டது. இருபதாவதில் கண்டக்டர் பீரோ மேல் சாய்ந்தார். முப்பதாவது, லிஃப்ட் விஷயம் வந்தபோது கவிதா வயிற்றில் கை வைத்துக்கொண்டார்.

நாற்பதும் முடிந்தது. ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. ஜெனிஃபர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நல்ல வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நோட்டில் அடுத்த வரி காலிதான். ஆனால் வாசிக்கிற குரலிலேயே சொன்னேன்.

"நாப்பத்தொண்ணு: வேண்டாம்னு முடிவு பண்ணா, முன்பணம் முப்பது நாள்ல திருப்பித் தரப்படும்."

"நெஜமாவா அக்கா?"

"நெஜம்தான்மா."

"எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். தாளைக் கிழித்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரையும் குத்தினேன். (முத்திரை எப்போதும் என் கைப்பையில் இருக்கும். திருட்டுப் போய்விடும் என்று பயம்.) முதலாளி மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கம்பிக்காரரிடம், "மூணு பேரும் இன்னிக்குப் போட்டுடுவாங்கண்ணே, பக்காவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை பதினொன்றரைக்கு வந்தது. தூறலாக இல்லை, ஒரேயடியாக.

"என் பொடவ" என்றார் சரோஜா அம்மா. அவ்வளவுதான் சொன்னார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எல்லாரும் ஓடினோம். பீரோவை நகர்த்த நேரமில்லை. சிமெண்டு மூட்டை மேல் கிடந்த தார்ப்பாயை மேஸ்திரியும் சங்கரும் இழுத்துவந்தார்கள். பீரோவுக்கு மேலே விரித்து, மூலைக்கு ஒருவராகப் பிடித்து, மற்றவர்கள் நடுவில் கையால் தாங்கி, பத்துப் பேரும் அந்தப் பத்துக்குப் பதினொன்று படுக்கையறைக்குள் நின்றோம். பீரோவின் ஒரு பக்கத்தில் சரோஜா அம்மாவும் மறுபக்கத்தில் கவிதாவும் முந்தானையால் கதவு இடுக்கை அடைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஈரம் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொண்டார்கள். எங்கள் காலடியில் ஹாலும் சமையல்கட்டும் பால்கனியும் வெள்ளையாகக் கரைந்து ரோட்டோரக் கால்வாயை நோக்கி ஓடின.

அப்படி நின்றபோது கண்டக்டர் தாமோதரனுடைய உதடு அசைந்தது. பழக்கம் விடவில்லை, தலையை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பத்து பேரு, ஒரு லக்கேஜு" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "இன்னும் நாலு பேர ஏத்தலாம் போலிருக்குதே" என்றார்.

மேஸ்திரி உடனே பிடித்துக்கொண்டார். "அதான் சார் நானும் சொல்றேன். எடம் இருக்குது. ஆளு நிக்கற வரைக்கும் தெரியாது."

"எனக்கு எதுக்குப்பா பெரிய வீடு. நானும் அவளுந்தான்" என்றார் கண்டக்டர். மழை விடவில்லை. மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். முதலாளி சட்டைக்குள் ஒளித்து எடுத்துவந்த ஒப்பந்தத்தை, பீரோவின் பக்கவாட்டில் வைத்து, கண்டக்டர் தன் சட்டைப்பைப் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார். செக்கையும் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. மழையில் தெரியவில்லை.

மற்ற இரண்டு கையெழுத்தும் விழவில்லை. முரளி, "புரட்டாசி போவட்டும் சார்" என்றார். அருள் பைக் சாவியை எடுத்துக்கொண்டார். ஜெனிஃபர் போகும்போது கைப்பையைத் தொட்டுக் காட்டி, "தாளு நனையலக்கா" என்றாள்.

ஒரு கையெழுத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கம்பிதான் வரும். மூன்றில் ஒரு பங்கு கம்பியில் மூன்றில் ஒரு பங்கு கட்டடம் எழுப்ப முடியாது என்று மேஸ்திரி விளக்கிச் சொன்னார். தை வரைக்கும் மனையில் ஆடு மேய்ந்தது. எனக்கு அரைச் சம்பளம். முரளி குடும்பம் ஐப்பசியில் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பீரோ இப்போது அவர்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது. எந்த அறையில் என்று கடைசி வரைக்கும் தீரவில்லை.

அருளும் ஜெனிஃபரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மழை பெய்த மறுநாளே அவள் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். முதலாளி அதை இரண்டு முறை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். அவள் போன பிறகு என்னைத் திட்டுவார் என்று கதவோரமாக நின்றேன்.

"நாப்பதுதான எழுதியிருந்த?"

"ஆமா சார்."

"அப்புறம் இது?"

"பாவமா இருந்துது சார்."

அவர் தாளை மடித்து மேஜையில் வைத்தார். அவரும் பொய்க்காரர் இல்லை. அந்த ஐம்பதாயிரம் ஏற்கெனவே சிமெண்டாகவும் போர் குழாயாகவும் மண்ணுக்குள் போயிருந்தது. "இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். முப்பது நாள்லனும் சொல்ல மாட்டேன். வர வர குடுக்கறேன்" என்றார்.

"நான் வேலைய விட்டுடட்டா சார்?"

"நீ போயிட்டா அந்தப் பொண்ணு போன் பண்ணா யாரு எடுக்கறது?"

அப்படித்தான் என் வேலை தப்பியது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். கட்டடம் எழும்பி, வீடுகள் விற்று, ஆட்கள் குடிவந்தாகிவிட்டது. பூச்சில் வெடிப்பு வந்தது. தண்ணீர் உப்பு. சித்திரை என்று சொன்னது அதற்கடுத்த சித்திரையில் நடந்தது. லிஃப்ட் நின்று, உள்ளே மாட்டிக்கொண்ட கண்டக்டர் கத்தினார். வெளியே நன்றாகக் கேட்டது. என்னிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை. "நீதான் முன்னாடியே சொன்னியேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு நான் வாசித்த நாற்பது கெட்டதும் வரிசை தவறாமல் பலித்தது. பாவம் பார்த்துச் சொன்ன ஒரு நல்லதுதான் பலிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்த முப்பது நாள் காலத்தை அளக்கிற அளவாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் சோறு ஆகிவிடும் என்று சொன்னால் என் மகள், "நம்ம பத்து நிமிஷமா, ஜெனிஃபர் அக்காவோட பத்து நிமிஷமா?" என்கிறாள். சங்கர் லோன் கட்டுகிற இடத்தில், "முப்பது நாள்ல கட்டிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். போன பொங்கலுக்கு வந்த என் நாத்தனாரின் சின்னப் பையன், ஜெனிஃபர் என்றால் ஏதோ மாதத்தின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் மாதம் ஒருமுறை போன் செய்கிறாள். கோபமாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். "சாப்ட்டீங்களா அக்கா, பிரஷர் மாத்திரை போடறீங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். அவர்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். முதலாளி மூவாயிரம், இரண்டாயிரம் என்று கொடுக்கக் கொடுக்க நான் கொண்டுபோய்க் கொடுத்து, நோட்டில் அவளிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறேன். இந்த மாதம் முதலாளி ஒன்றும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு போக முடியாமல் என் சம்பளத்திலிருந்து ஆயிரம் எடுத்துக் கொடுத்தேன். (சங்கருக்கு இது தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.) அது போக இன்னும் கொடுக்க வேண்டியது பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.